கார்த்திகை மாதத்துக் கடல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். சிவப்புப் பேனாவும் கோபமும் இல்லாமல் இந்த டீச்சர் வகுப்புக்குள் வரமாட்டாள் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். காதில் விழுந்தும் விழாததுபோல் போய்விடுவேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? இந்தக் கார்த்திகையில் அந்தப் பெருமைதான் என்னைக் குப்புறத் தள்ளியது. என்னை மட்டும் தள்ளியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியிலிருந்து மாவட்டப் போட்டிக்கு ஒரே ஒரு கவிதை அனுப்ப வேண்டும். தலைப்பு ‘இயற்கையின் மாற்றம்’. மூத்த தமிழாசிரியை என்பதால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்தவற்றைக் கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று கடலாடிப் பக்கத்துப் பெண் எழுதியது. இன்னொன்றை எழுதியவள் மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். இருவரும் பதினொன்றாம் வகுப்பு. ஒரே வகுப்பறை, முன்னும் பின்னுமான பெஞ்சு.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கவிதை கையில் கிடைத்தால் கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எழுதிப் போட்டு, வகுப்பையே ஒப்பிடச் சொல்லுவேன். எழுதியவர் யார் என்று சொல்லமாட்டேன். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் எழுதினேன். இடப்பக்கம் கடலாடிப் பெண்ணுடையது.

வறண்ட நிலத்தின் வாயிலே
வானம் பால் வார்த்தது!
ஆறு புரண்டு கரைதொட,
நாற்று நிமிர்ந்து தலையாட்ட,
மாந்தோப்புக் குயிலும்
மௌனம் கலைத்தது!

வலப்பக்கம் முகாம் பெண்ணுடையது.

கார்த்திகை.
கரையெல்லாம் மழை.
கடல் படுத்துக்கொண்டது.

ஆடியில் எவ்வளவு கத்தியது.
இப்போது கயிற்றின் வழியே
அப்பாவின் கைக்கு வருகிறது,
முதல் முறையாக
எந்த ஊர் என்று கேட்காமல்.

முதல் கவிதையைப் பற்றி நான் நிறையப் பேசினேன். மாற்றம் வானத்தில் தொடங்கி, ஆற்றில் இறங்கி, வயலுக்கு வந்து, கடைசியில் ஒரு பறவையின் தொண்டையில் போய் முடிகிறது பாருங்கள் என்றேன். படிப்படியான இறக்கம், ஓசை தட்டாத அடி. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பிறகு வலப்பக்கம் திரும்பினேன். சொல் சிக்கனமாக இருக்கிறது, கடைசி அடி நன்றாக இருக்கிறது, ஆனால் அடிப்படையே தப்பு என்றேன். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். புயல் கூண்டு ஏற்றுவார்கள், கடலுக்குப் போகாதே என்று டிவியில் சொல்லுவார்கள். இங்கே கடல் படுத்துத் தூங்குகிறதாம், வெயில் காயும் ஆடியில் கத்தியதாம். இயற்கையின் மாற்றத்தை எழுதச் சொன்னால் இயற்கையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது என்று சொல்லி, கையிலிருந்த தாளின் ஓரத்தில் சிவப்பில் எழுதினேன்: ‘கடலைப் பார்க்காதவர் எழுதியது.’ எழுதியதை வாசித்தும் காட்டினேன்.

முகாம் பெண் எழுந்து நின்றாள். ஒல்லியான பெண், வகுப்பில் வாயே திறக்காதவள். கடல் பக்கத்திலேயே குடியிருக்கிறவள்தானே, நீயே சொல், கார்த்திகையில் கடல் எப்படி இருக்கும் என்று அவளையே கேட்டேன்.

“எந்தக் கடல் டீச்சர்?” என்றாள்.

வகுப்பு சிரித்தது. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கடலில் எந்தக் கடல் என்ன கடல், என்னையே நையாண்டி பண்ணுகிறாயா என்று கத்தினேன். இதை நீ எழுதவில்லை, போனில் கேட்டால் இப்போது அதுவே கவிதை எழுதித் தருகிறது, கடலைப் பார்க்காத அந்த போன்தான் இப்படி எழுதும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் நின்றதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலைக்குள் தலைமையாசிரியை அறைக்கு விஷயம் போய்விட்டது. நான்தான் கொண்டுபோனேன். அவர் நிதானமான மனுஷி, எதையும் காகிதத்தில் முடிக்கிறவர். திங்கட்கிழமை காலைக்குள் பெற்றோர் கையெழுத்தோடு மன்னிப்புக் கடிதம் வரட்டும், கோப்பில் வைத்துவிடுவோம் என்றார். திங்கட்கிழமை மதியத்துக்குள் போட்டிப் பட்டியலும் போயாக வேண்டும், அதில் கடலாடிப் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது, கோப்பில் வைத்தால் என்னாகும் என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். பன்னிரண்டு முடித்துப் போகும்போது நன்னடத்தைச் சான்றிதழில் ‘நன்று’ என்று எழுத முடியாது என்றார். அந்தப் பெண் நர்சிங் படிக்கப் போவதாக ஆண்டின் முதல் நாளே சொல்லியிருந்தாள். முகாம் பிள்ளைகளிடம் எங்கே போனாலும் மற்றவர்களைவிட ஒரு காகிதம் கூடுதலாகத்தான் கேட்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அய்யா விட்டுப்போன நிலத்தைத் தம்பி பார்க்கிறான். வரப்பில் நின்றுகொண்டே, பிள்ளைகள் எழுதியதில் எது தேறுகிறது பார் என்று கடலாடிப் பெண்ணின் கவிதையைப் போனிலிருந்து வாசித்துக் காட்டினேன். நல்லாருக்குக்கா என்று சொல்லுவான், கேட்டுக்கொள்ளலாம் என்றுதான். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

“இது தஞ்சாவூர்ப் பிள்ளையாக்கா? நம்ம பக்கம் நாத்து ஏது? புழுதியில வெதச்சுப்புட்டு வானத்தப் பாத்துல்ல கெடக்கோம். ஆறு புரண்டுச்சாம். அங்கன போயிப் பாக்கச் சொல்லு, கருவேலந்தான் புரளுது.”

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அது உறைத்தது. இந்த வரப்பில் வளர்ந்தவள் நான். ஆவணியில் காய்ந்த மண்ணில் விதையைத் தூவிவிட்டு, ஐப்பசி மழை வரும்வரை அய்யா முகம் கொடுத்துப் பேசமாட்டார். நாற்றங்காலும் நடவும் எங்கள் பக்கம் கிடையாது. மாந்தோப்பு கிடையாது. குயில் கூவுவது சித்திரை வெயிலில். மழைக்கு எங்களிடம் வருவது நாரை. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் வெள்ளை வெள்ளையாக வந்து உட்காரும். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தக் கவிதையைக் கரும்பலகையில் எழுதி, நாற்று நிமிர்ந்து தலையாட்டுவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருக்கிறேன்.

அந்தக் கடலாடிப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். மழை என்றால் குயில், வயல் என்றால் நாற்று என்று பாடப்புத்தகத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தானே. அவள் கேட்டதைக் கொடுத்தாள். ஆனால் ஒரு முள் உள்ளே போய்விட்டது. எனக்குத் தெரிந்த நிலத்தைப் பற்றிய பொய்யையே கண்டுபிடிக்காதவள், எனக்குத் தெரியாத கடலைப் பற்றி எந்தத் தைரியத்தில் தீர்ப்பு எழுதினேன்? எங்கள் வீட்டுக்குக் கடல் என்பது ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் போய் முழுகிவிட்டு வருகிற இடம். மற்றபடி அது டிவியில் அடிக்கிற அலைதான்.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. எந்தக் கடல் டீச்சர் என்று அவள் கேட்ட முகம் திரும்பத் திரும்ப வந்தது. அந்த முகத்தில் நையாண்டி இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. புரியாத கேள்விக்கு விளக்கம் கேட்கிற பிள்ளையின் முகம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்துக்குப் பஸ் ஏறினேன். உச்சிப்புளி தாண்டும்போதே காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கியது. மண்டபத்தில் இறங்கி வடக்கே திரும்பி நடந்தால் கொஞ்ச தூரத்தில் கடல். பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதிதான். கடல் கலங்கிப்போய், நுரை கக்கிக்கொண்டு, கட்டிப்போட்ட படகுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வாடைக்காற்று சேலையைச் சுழற்றியடித்தது. நான் சொன்னது சரிதான், அந்தப் பெண் பொய்தான் எழுதியிருக்கிறாள் என்று திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன்.

வந்தது வந்தோம், மீன் வாங்கிக்கொண்டு போகலாம் என்று அங்கே காலிக் கூடையோடு நின்ற ஒரு பெண்ணிடம் நல்ல மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவர் நான் வந்த வழியைப் பார்த்தார்.

“வாடைக்கு வடக்க என்னம்மா கெடைக்கும்? தெக்கே போங்க. அங்கன கடல் படுத்துக் கெடக்கு, கரவலை இழுக்காக.”

படுத்துக் கிடக்கு. அதே சொல். அம்மா, கடல் இங்கே இப்படிக் கொதிக்கிறதே என்றேன். அவர் என்னைச் சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து, வாடையில் வடகடல் அடிக்கும், தென்கடல் கிடக்கும், ஆடியில் காற்று மாறினால் கடலும் மாறிக்கொள்ளும், இதெல்லாம் தெரியாத ஊரும் உண்டா என்று கேட்டார். உண்டு. அந்த ஊரில்தான் நான் இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன்.

ரோட்டைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, தெற்கே கால்மணி நேரம் நடந்திருப்பேன். பனைகளுக்கு அந்தப் பக்கம் தென்கடல் கிடந்தது. மெழுகிய தரைபோல. சன்னமாகத் தூறல் விழுந்துகொண்டிருந்தது, நீரில் புள்ளி புள்ளியாக அது விழுவதுகூடத் தெரிந்தது. கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று கரைவலைக் கயிற்றை இடுப்பில் மாட்டிப் பின்பக்கமாக நடந்து இழுத்தார்கள். கயிறு கடலுக்குள்ளிருந்து நிதானமாக, சண்டையில்லாமல் வந்தது. கயிற்றின் வழியே அப்பாவின் கைக்கு வருகிறது. அவள் கண்ணால் பார்த்ததைத் தவிர ஒரு சொல் கூட்டி எழுதவில்லை.

அப்போதுதான் இரண்டு கவிதையையும் நான் உண்மையிலேயே ஒப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். முதல் கவிதையில் மழை வந்ததும் எல்லாமே செய்ய வேண்டியதைச் செய்கின்றன. ஆறு ஓடுகிறது, நாற்று ஆடுகிறது, குயில் கூவுகிறது. மாற்றம் அங்கே ஒரு கல்யாண வீடு, யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. இரண்டாவதில் புதிதாக எதுவும் வரவில்லை, ஒன்று நின்றுபோயிருக்கிறது. ஒரு சத்தம் நின்றுபோயிருக்கிறது. எந்த ஊர் என்று வருடம் முழுக்கக் கேள்வி கேட்கப்படுகிற ஒரு முகாம் வீட்டில், கேள்வி நின்றதுதான் பருவ மாற்றம். அதைத்தான் தலைகீழ் என்று சொன்னேன்.

வரிசையின் ஓரத்தில் சில பெண்கள் மீன் பிரிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் அவளும் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். நான் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாள் என்பது அவள் பாவாடையில் கையைத் துடைத்த வேகத்திலேயே தெரிந்தது. அவள் அம்மா முந்திக்கொண்டு வந்தார். இலங்கைத் தமிழ், மெல்லிய குரல். கடிதம் எழுதியாயிற்று, அவள் அப்பாவும் கையெழுத்து வைத்துவிட்டார், நாளைக்குக் கொடுத்துவிடுகிறோம், இதற்காக நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே என்று வருத்தப்பட்டார்.

கடிதம் கொடுக்க வேண்டாம், தப்பு என்னுடையது, உங்கள் மகள்தான் அதை எழுதினாள் என்று சொன்னேன்.

“அது எங்களுக்குத் தெரியும் டீச்சர்” என்றார் அவர். “அவள் எழுதேக்க நான் பக்கத்திலதானே இருந்தனான்.”

பிறகு ஏன் கையெழுத்து வைத்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை.

“கேட்ட இடத்தில கையெழுத்து வைச்சிட்டா, பிறகு ஒண்டும் கேக்க மாட்டினம். நாங்கள் அப்பிடித்தான் பழகினது.”

எவ்வளவு சொல்லியும் அவர் கடிதத்தைக் கொடுக்காமல் இருக்கச் சம்மதிக்கவில்லை. கேட்டது பெரிய டீச்சர் அல்லவா, கொடுக்காவிட்டால் பிறகு பிரச்சினை வராதோ என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் கொடுத்த வாக்கை நம்பி உட்கார அவருக்கு ஒரு காரணமும் இல்லை. மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் வாங்காமலே திரும்பினேன்.

திங்கட்கிழமை முதல் மணிக்கு முன்னால் போய்விடலாம் என்று விடியும்போதே கிளம்பினேன். இருந்தாலும் மண்டபம் பஸ் எனக்கு முன்னால் வந்துவிட்டது. தலைமையாசிரியையின் மேசையில் கடிதம் இருந்தது. ‘நான் இந்தக் கவிதையைக் கைபேசியில் பார்த்து எழுதினேன். இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன்.’ கவிதை எழுதிய அதே குண்டு எழுத்து. கீழே அப்பாவின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதியது.

பிரேயர் முடிந்து, காலை வேலைகளும் முடிந்து அவர் தனியாகக் கிடைத்த பிறகுதான் நடந்ததைச் சொல்ல முடிந்தது. தலைமையாசிரியை கடைசிவரை கேட்டார். பிறகு, முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள் என்றார். பட்டியலில் ஒரு பெயர் ஏறிவிட்டது, அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கும். இங்கே பெற்றோரே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை அவள் எழுதவில்லை என்று சொன்னதும் நீங்கள், இன்று அவள்தான் எழுதினாள் என்பதும் நீங்கள், நான் எதைக் கோப்பில் வைப்பது? அவர் கேட்டதில் தப்பு இல்லை. மணி பதினொன்று ஆகியிருந்தது. பன்னிரண்டுக்குப் பட்டியல் போக வேண்டும்.

நானும் ஒரு கடிதம் எழுதினேன். அங்கேயே, நின்றுகொண்டே. மாணவி மீது நான் சொன்ன குற்றச்சாட்டு தவறானது, கடல் பற்றிய என் அறியாமையால் அது நேர்ந்தது, கவிதை அவளுடையதே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிழை திருத்தியே பழகிய கைக்குப் பிழையை ஒப்புக்கொண்டு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

தலைமையாசிரியை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். இதில் எது உண்மை, பயப்படாமல் சொல்லு என்றார். அவள் முதலில் தன் கடிதத்தை வாசித்தாள். பிறகு என்னுடையதை வாசித்தாள். மெதுவாக, முழுக்க வாசித்தாள். ஒரு சொல்லாவது அவளுக்கு ஆறுதல் தராதா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்தாள்.

“எதுல கையெழுத்துப் போடணும் டீச்சர்?”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிலேயும் வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். அவளுடைய கடிதத்தை இரண்டாகக் கிழித்து, அவள் கையிலேயே கொடுத்தார். குப்பையில் போடுகிறதா வைத்துக்கொள்கிறதா என்று தெரியாமல் அவள் அதைப் பிடித்துக்கொண்டே வகுப்புக்குப் போனாள்.

பட்டியலில் பெயர் மாறியது. கடலாடிப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். அடுத்த வகுப்பில் கரும்பலகையில் மறுபடி நடுக்கோடு போட்டு, இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல் என்று எழுதி, முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். முகாம் பெண் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டாள், மற்றவர்களைப் போலவே. மாவட்டத்தில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அது பரவாயில்லை. விஷயம் சரியாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

மார்கழி பிறந்ததும் அரையாண்டுத் தேர்வு. மழைக்காலத்தை வருணித்து ஒரு பக்கம் எழுதுக என்று ஒரு கேள்வி. தாள்களைத் திருத்திக்கொண்டு வரும்போது அந்தக் குண்டு எழுத்து வந்தது. ஆவலாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். ஆறு புரண்டோடியது. நாற்று தலையாட்டியது. மாந்தோப்பில் குயில் கூவியது. கடைசி வரியில், ‘மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்’ என்று எழுதியிருந்தாள்.

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. விடைக்குறிப்புப்படி பார்த்தால் முழு மதிப்பெண். நான் கேட்ட இடத்தில் அவள் கையெழுத்து வைத்திருக்கிறாள், வேறென்ன. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளின் தாள்களில் இந்தச் சிவப்பு மை என்னென்ன செய்திருக்கும் என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

மதிப்பெண்ணைப் போட்டேன். பிறகு கடைசி வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், சிவப்பிலேயே இரண்டு சொல் எழுதினேன்: ‘எந்தக் கடல்?’

தாளைத் திருப்பிக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.